60 எஃப்பிஎஸ் காட்டுகிறது, ஆனாலும் கேம் திக்கித் திக்கி ஓடுகிறதே?

காட்பாடிக்காரன்:
லேப்டாப்பில் மூலையில் தெரியும் எஃப்பிஎஸ் எண் (நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம்) 60-ஐ விட்டு இறங்கவே இல்லை, ஆனால் கேமில் காரை வளைத்துத் திருப்பினால் படம் வெட்டி வெட்டி வருகிறது. கொஞ்ச நேரம் ஆடிய பிறகு இன்னும் மோசம். என்ன செய்யலாம் அண்ணா?

சத்துவாச்சாரி:
தம்பி, அந்த 60 வெறும் சராசரி. ஃபிரேம்கள் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒன்றாகச் சீராக வரவேண்டும்; நடுவில் ஒன்று மட்டும் 50 எடுத்துக்கொண்டால் சராசரி பெரிதாக அசையாது, ஆனால் கண் அதைப் பிடித்துவிடும். ஆஃப்டர்பர்னர் என்கிற கண்காணிப்பு மென்பொருள் இலவசம்தான், போட்டு ஃபிரேம் டைம் கோட்டை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் எடுக்கும் நேரத்தைக் காட்டும் கோட்டைப் பாருங்கள். குதிக்கும் 60-ஐ விடச் சீரான 40 எவ்வளவோ மேல்.

குடியாத்தம்:
40 எல்லாத் திரைக்கும் ஒத்துவராதுங்க. 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில், சில ஃபிரேம் ஒருமுறையும் சில இரண்டுமுறையும் காட்டப்படும், அதுவே ஒரு திக்கல். அதில் 30 அல்லது 60 என்று பூட்டுங்கள். 120 ஹெர்ட்ஸ் என்றால் 40 கச்சிதம்.

ஆற்காடு:
போகப்போக மோசம் என்றால் சூடுதான். நம்ம ஊர் மே மாதத்தில் 40 டிகிரி தாண்டும்போது ஃபேன் உள்ளே இழுப்பதே அனல், அப்புறம் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்காமல் என்ன செய்யும்? மெத்தைமேல் வைத்து ஆடாதீர்கள், பின்பக்கம் தூக்கி வையுங்கள், ஃபேன் தூசியை எடுங்கள். ஆமாம், ரேம் ஒரே குச்சியா?

காட்பாடிக்காரன்:
ஒரே 8 ஜிபி. மெத்தைமேல்தான் ஆடுகிறேன் 😅

ஆற்காடு:
சரி, முதலில் மேசைக்கு வாங்க. இன்னொரு ரேம் குச்சி வாங்கும் செலவு அப்புறம்.