நொச்சி இலைச் சாறு: செறிவைக் கூட்டினால் தடுப்பு குறைகிறது, அல்புமினில் மைனஸ் வருகிறது. எங்கே பிழை?

கேள்வி

நிழலில் உலர்த்திய நொச்சி இலைப் பொடியை மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாறு. ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைப் பார்க்கும் டிபிபிஹெச் சோதனை, வெப்பத்தில் புரதம் திரிவதைச் சாறு தடுக்கிறதா என்று பார்க்கும் அல்புமின் சோதனை, இரண்டிலும் சிக்கல்.

டிபிபிஹெச்: 1 மி.லி. சாறு, 3 மி.லி. 0.1 மில்லிமோலார் டிபிபிஹெச் (ஆன்டிஆக்ஸிடன்ட் பட்டால் நிறம் வெளிறும் ஊதாக் கரைசல்), இருட்டில் 30 நிமிடம், 517 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல். கண்ட்ரோல் (சாறு இல்லாத குழாய்) 0.85. சாறு 50, 100, 200, 400, 800 மைக்ரோகிராம்/மி.லி. வைத்ததில் தடுப்பு 38, 61, 74, 66, 52 விழுக்காடு. ஏறிவிட்டு இறங்குகிறது. அஸ்கார்பிக் அமிலம் மட்டும் ஒழுங்காக வருகிறது.

அல்புமின்: 0.2 மி.லி. முட்டை வெள்ளைக்கரு, 2.8 மி.லி. பாஸ்பேட் பஃபர் (பிஹெச் 6.4), மெத்தனாலில் கரைத்த சாறு 2 மி.லி. 37 டிகிரியில் 15 நிமிடம், 70 டிகிரியில் 5 நிமிடம், ஆறியபின் 660 நானோமீட்டரில் கலங்கலை அளந்தேன். கண்ட்ரோலில் சாற்றுக்குப் பதில் தண்ணீர்: 0.42. சாறு 800-ல் 0.58, அதாவது மைனஸ் 38 விழுக்காடு. சாறு கெட்டுவிட்டதா?

பதில் 1

சாறு கெடவில்லை. சாற்றின் நிறத்தையும் சேர்த்து அளக்கிறீர்கள். அஸ்கார்பிக் அமிலத்துக்கு நிறமில்லை, அதனால்தான் அது மட்டும் ஒழுங்காக வருகிறது.

ஒவ்வொரு செறிவுக்கும் தனி பிளாங்க் (சாற்றின் நிறத்தை மட்டும் அளக்கும் குழாய்) வையுங்கள்: 1 மி.லி. சாறு, 3 மி.லி. வெறும் மெத்தனால். அதன் ரீடிங்கை மாதிரியின் ரீடிங்கிலிருந்து கழித்த பிறகே விழுக்காடு போட வேண்டும். எல்லாச் செறிவுக்கும் ஒரே பிளாங்க் போதாது; செறிவோடு நிறமும் ஏறும்.

இன்னொன்று: குழாயில் சாறு நான்கில் ஒரு பங்குதான். 800 என்பது உண்மையில் 200. ஐசி50 (50 விழுக்காடு தடுக்கும் செறிவு) எழுதும்போது அது சாற்றின் செறிவா, குழாயில் உள்ள செறிவா என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணை வேறு எதோடும் ஒப்பிட முடியாது.

கேட்டவர்

800-க்கு பிளாங்க் 0.29 வந்தது. மாதிரி 0.41. கழித்தால் 0.12, தடுப்பு 86 விழுக்காடு! 200-லிருந்தே 82, 83, 86 என்று கிட்டத்தட்ட சமமாக நிற்கிறது. 50-க்கு 40, 100-க்கு 65.

பதில் 1

இதுதான் சரியான வளைவு. சமமாக நிற்கும் புள்ளிகளை ஐசி50 கணக்கில் நேர்கோடாகப் பொருத்தாதீர்கள், விடை தவறும். கீழே 12.5, 25, 75 சேர்த்து அளந்தால் 50 விழுக்காட்டின் இருபுறமும் கூடுதல் புள்ளிகள் இருக்கும். டிபிபிஹெச் கரைசலை அன்றன்று கரைத்து, குழாயைத் தாளில் சுற்றி வையுங்கள்.

பதில் 2

அல்புமினில் சிக்கல் பெரியது. 5 மி.லி.யில் 2 மி.லி. மெத்தனால் என்றால் 40 விழுக்காடு. வெப்பமே வேண்டாம், அதுவே புரதத்தைத் திரியவைக்கும். கண்ட்ரோலில் தண்ணீர் இருப்பதால் அது உங்களுக்குத் தெரியவில்லை.

மெத்தனாலை முழுதாக ஆவியாக்குங்கள். உலர்ந்த சாற்றை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, பஃபரில் நீர்க்கவையுங்கள். முடிவில் டிஎம்எஸ்ஓ 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கண்ட்ரோலிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ இருக்கட்டும். கலங்கினால் மையவிலக்கி, தெளிந்ததை மட்டும் எடுங்கள். வீழ்படிவோடு போன அளவை மறக்காதீர்கள்: குழாயில் இருப்பது நீங்கள் எடைபோட்ட செறிவு அல்ல.

பச்சை இலைச் சாறு என்பதால் 660-ல் பச்சையமும் ஒளியைப் பிடிக்கும். எனவே அல்புமின் இல்லாத பிளாங்க் கட்டாயம், அதையும் சேர்த்தே சூடாக்குங்கள்.

சூடாக்காத ஒரு குழாயும் வையுங்கள்: சாறு, அல்புமின், பஃபர். மெத்தனால் போன பிறகும் அது கலங்கினால் டானின் (இலையின் துவர்ப்புப் பொருள்) புரதத்தோடு சேர்ந்து படிகிறது என்று சந்தேகப்படலாம். கலந்தபின் பிஹெச்சையும் பாருங்கள். சாறு அமிலமாக இருந்து 5-ஐ நெருங்கினால், முட்டை அல்புமின் மின்சமநிலைப் புள்ளிப் பக்கம் (நிகர மின்னூட்டம் சுழியாகும் பிஹெச்) போய்ச் சுலபமாகத் திரளும். வெள்ளைக்கரு கொழகொழப்பாக இருந்தால் 0.2 மி.லி. ஒரே அளவாக வராது. 1 விழுக்காடு மாட்டு அல்புமின் கரைசல் நிதானமாக வரும்.

கேட்டவர்

இவை சரியானால் "வீக்கத்தைக் குறைக்கும்" என்று எழுதலாமா?

பதில் 2

"அல்புமின் இயல்பு திரிவதைத் தடுத்தது" என்று எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். குழாயில் உயிரணு இல்லை, அழற்சியும் இல்லை. அடுத்து ரா 264.7 என்ற சுண்டெலி நோயெதிர்ப்பு உயிரணுவில் எல்பிஎஸ் (அழற்சியைத் தூண்டும் பாக்டீரியப் பொருள்) கொடுத்து, அழற்சியில் கூடும் நைட்ரைட்டை, அதை நிறமாக்கும் கிரீஸ் வினையால் 540 நானோமீட்டரில் அளக்கலாம். உயிரணு செத்தாலும் நைட்ரைட் குறையும், ஆகவே அதே செறிவுகளில் எம்டிடி (உயிருள்ள உயிரணு ஊதாவாக்கும் சாயம்) சோதனை அவசியம். ஆன்டிஆக்ஸிடன்ட் சாறுகள் எம்டிடியை நேரடியாகவே ஊதாவாக்கிவிடும். சாயம் சேர்க்குமுன் சாற்றைக் கழுவி எடுத்து, உயிரணு இல்லாத குழிகளிலும் சாறு, எம்டிடி போட்டுப் பாருங்கள்.