'ப்ராடக்ட் ஐடென்டிட்டி'க்குத் தமிழ்ச்சொல்: ஆட்ட உரிமக் குறிப்புக்காக

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதையாட்டத்தின் விதிகளை ஒட்டிச் சாகச ஏடுகள் எழுதுவோருக்கான தமிழ் வழிகாட்டியில் ஒரு சொல் உறுத்துகிறது. அதை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2000-இல் கொண்டுவந்த ஓப்பன் கேம் லைசென்ஸ் (ஓஜிஎல்) என்ற உரிமம், பிறர் எடுத்தாளலாம் என்று திறந்துவிட்டதை 'ஓப்பன் கேம் கன்டென்ட்' என்கிறது. இதற்குப் 'பகிர்கூறு' என்று ஏற்கெனவே வைத்துக்கொண்டோம். தொடக்கூடாது என்று சொல்வதை 'ப்ராடக்ட் ஐடென்டிட்டி' என்கிறது. வரைவில் இது 'பொருள் அடையாளம்' என்று இருக்கிறது.

'அடையாளம்' என்றதும் பெயரும் முத்திரையும்தான் நினைவுக்கு வரும். உரிமத்தின் 1-ஆம் பிரிவோ கதைப்போக்கு, கதைமாந்தர், உரையாடல், ஓவியம், மந்திரப் பெயர், இடப்பெயர் என்று நீளமாக அடுக்குகிறது. வரைவை நம்பி ஒருவர் முத்திரையை மட்டும் நீக்கிவிட்டு, ஒரு கற்பனை நகரத்தின் அரச வம்சத்தையும் போர் வரலாற்றையும் அப்படியே அச்சிடக்கூடும். 'காப்புடைமை' என்று மாற்றலாமா?

அன்புடன்,
வே.

---

வே. ஐயா,

அடையாளம் வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன். 'காப்பு' மட்டும் வேண்டாம். காப்புரிமை என்ற சொல்லைப் பேட்டன்டுக்கும் பதிப்புரிமைக்கும் மாற்றி மாற்றிப் போட்டு நாளிதழ்களே குழப்பிவைத்திருக்கின்றன. காப்புடைமை என்றால் 'பதிப்புரிமை உள்ளது' என்றே படிப்பார்கள். இங்கே விஷயம் அதுவல்ல.

ஆட்டத்தின் இயங்குமுறைக்குப் பதிப்புரிமை கிடையாது. இருபது முகப் பகடையை உருட்டி, திறன் எண்ணைக் கூட்டி, இலக்கை எட்டினால் அடி விழும் என்பது யாருக்கும் சொந்தமில்லை. அதை விளக்கும் வாக்கியங்களுக்கு உரிமை உண்டு. தனித்த ஒரு பெயருக்குப் பொதுவாகப் பதிப்புரிமை இல்லை. வணிகக்குறியாக இருந்தால் அந்தச் சட்டம் காக்கும். ஆனால் இந்த உரிமத்தை ஏற்றவருக்கு 7-ஆம் பிரிவு இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பூட்டுப் போடுகிறது: உரிமையாளர் விலக்கிவைத்ததைப் பயன்படுத்த மாட்டேன், அவர் வணிகக்குறியைச் சொல்லி 'இதனோடு ஒத்தியங்கும்' என்று விளம்பரம் செய்ய மாட்டேன் என்று ஒப்புக்கொள்கிறார். சட்டப்படி சொல்லக்கூடியதையும் ஒப்பந்தப்படி சொல்ல முடியாமல் போகிறது.

தமிழாக்கினால் தப்பலாம் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. எஸ்ஆர்டி 5.1 என்பது ஐந்தாம் பதிப்பு விதிகளில் பிறர் எடுத்தாளத் திறந்துவிட்டவற்றின் ஆவணம். அதன் ஓஜிஎல் பதிப்பு மைண்ட் ஃபிளேயர், பிஹோல்டர், யுவான்-டி முதலிய கற்பனை உயிர்களை விலக்கிவைத்த பட்டியலில் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. மைண்ட் ஃபிளேயரை 'மூளையுண்ணி' என்று எழுதிவிட்டு, முகத்தில் நான்கு உணர்கொம்பு, மூளையை உறிஞ்சும் பழக்கம், பாதாளக் குடியிருப்பு என்று வரிக்கு வரி பெயர்த்தால் அது தழுவல்தான். மொழிபெயர்க்கும் உரிமையும் மூல ஆசிரியருடையது. பெயர் மாற்றம் எங்கே போதும் என்பதற்கு அதே ஆட்டம் நல்ல சான்று. 1974-இல் வந்த முதல் பதிப்பில், டோல்கீன் கதைகளில் வரும் ஹாபிட் என்ற குள்ள மக்களும் என்ட் என்ற மரமாந்தரும் இருந்தன. டோல்கீன் உரிமையாளர் தரப்பு ஆட்சேபித்த பிறகு அவை ஹாஃப்லிங், ட்ரீன்ட் ஆயின. குள்ளமான, வீட்டோடு ஒட்டிய மக்கள் என்ற கருத்து யாருக்கும் சொந்தமில்லை என்பதால் அது நிலைத்தது.

என் பரிந்துரை: 'பகிராக்கூறு'. செல்லாக்காசு போல எதிர்மறைப் பெயரெச்சம். பகிர்கூறுக்கு நேர் இணை.

மீ.

---

மீ. அம்மா, இணை அழகுதான். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது.

ஒரு ஏட்டில் இருப்பவை இரண்டு வகை அல்ல, மூன்று. பகிர்கூறு என்று அறிவித்தவை, விலக்கிவைத்ததாக அறிவித்தவை, எதுவும் சொல்லாமல் விட்டவை. மூன்றாம் வகையும் பகிராததுதான். ஆனால் 7-ஆம் பிரிவின் பூட்டு அதற்கு இல்லை. வழக்கமான பதிப்புரிமைச் சட்டமே அதை ஆளும். மேற்கோள், விமர்சனம் போன்ற நியாயமான பயன்பாட்டுக்கு வழி திறந்தே இருக்கும். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் விமர்சனக் கட்டுரை எழுதுபவர்கூடத் தேவையில்லாமல் பயப்படுவார்.

விலக்குடைமை என்றும் யோசித்துப் பார்த்தேன். வரிவிலக்கு பழகிய காதுக்கு 'கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு' என்று நேர் எதிராகக் கேட்கும். ஆகவே 'ஒதுக்குடைமை': உரிமையாளர் தமக்கென்று ஒதுக்கிவைத்து, அப்படி அறிவித்தும் இருப்பது. பகிராக்கூறை மூன்றாம் வகைக்கு வைத்துக்கொள்வோம்.

ச.

---

நண்பர்களே,

ஒதுக்குடைமையே சரி. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'இந்நூலின் ஊர்ப்பெயர்கள், கதைமாந்தர், ஓவியங்கள் ஆகியவை ஒதுக்குடைமை. 3-ஆம் இயலின் விதிப்பகுதியும் பின்னிணைப்பின் எண் அட்டவணைகளும் பகிர்கூறு.' இடறவில்லை. 'விதிகள் அனைத்தும் பகிர்கூறு' என்று மொட்டையாக எழுதக்கூடாது என்பதையும் பதிவில் சேர்க்கிறேன். எந்தப் பகுதி என்று தெளிவாகச் சுட்டவேண்டும் என்பது 8-ஆம் பிரிவு.

வழிகாட்டியில் இந்தச் சொல்லோடு போகவேண்டியவை: உரிமத்தின் முழு வாசகம் ஒவ்வொரு படியிலும் இருக்கவேண்டும் (10-ஆம் பிரிவு). அதில் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆகவே ஆங்கில மூலத்தை அப்படியே அச்சிட்டு, நம் தமிழ் விளக்கத்தை அதற்கு வெளியே தனிப்பக்கத்தில் வைக்கவேண்டும். அதிகம் பிழை நேர்வது 15-ஆம் பிரிவில்தான். எடுத்தாண்ட ஒவ்வொரு மூலத்தின் பதிப்புரிமை வரியையும் எழுத்து மாறாமல் சேர்த்து, கடைசியில் நம் ஏட்டின் பெயர், ஆண்டு, உரிமையாளரைப் போடவேண்டும். மீறல் தெரியவந்து 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் உரிமம் தானாகவே முடிந்துவிடும்.

எஸ்ஆர்டி 5.1 ஜனவரி 2023-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0 என்ற, மூலத்தைச் சுட்டினால் எவரும் எடுத்தாளக்கூடிய பொது உரிமத்தின் கீழும் வந்துவிட்டது. புதிதாக எழுதுபவருக்கு அந்த வழியையே முதலில் சொல்லவேண்டும் என்பது என் கருத்து. அங்கே ஒதுக்குடைமை என்ற ஏற்பாடே இல்லை. அவர்கள் தந்த நன்றிக்குறிப்பை அப்படியே போட்டால், 'ஐந்தாம் பதிப்போடு ஒத்தியங்கும்' என்றும் எழுதிக்கொள்ளலாம். வணிகக்குறி உரிமை மட்டும் அதனோடு வராது. ஆவணத்தில் இல்லாத கதைமாந்தரையும் உலகங்களையும் தொட விரும்புவோருக்கு, காசு வாங்காமல் வெளியிட விசர்ட்ஸின் ரசிகர் படைப்புக் கொள்கை இருக்கிறது. விற்கவேண்டுமென்றால் டிஎம்ஸ் கில்டு என்ற இணைய விற்பனைத் தளம். அங்கே அனுமதித்த உலகங்கள் மட்டும், படைப்பாளிக்குப் பாதி வருவாய், அதே ஏட்டை வேறெங்கும் விற்க முடியாது.

எழுத்துச் சேர்க்கை பற்றி ஒன்று: பகிர்கூறு வினைத்தொகை, ஒற்று மிகாது, பகிராக்கூறில் மிகும். மெய்ப்புப் பார்ப்பவர் இதில் கண்ணாக இருக்கவேண்டும். மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். இல்லையேல் மூன்று சொல்லையும் தொகுப்பில் ஏற்றிவிடுகிறேன்.

வே.