10 மாத ஹஸ்கி: எவ்வளவு நடந்தாலும் அடங்க மாட்டேன் என்கிறான்

கேள்வி

ஆண் சைபீரியன் ஹஸ்கி, 10 மாதம், 21 கிலோ. காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் நடக்கிறான். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த கையோடு சோபா மெத்தையைப் பிய்க்கிறான், தோட்டத்தில் குழி பறிக்கிறான். ஆள் இல்லாத நேரத்தில் ஒரே ஊளை. லீஷை இழுக்கும் வேகத்தில் பெரியவர்களுக்கே தோள் வலிக்கிறது, 6 வயது மகள் பிடித்தால் விழுந்துவிடுகிறாள். கேட் திறந்தால் பாய்ச்சல்தான், கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நடையை இரண்டு மணி நேரமாகக் கூட்டினால் அடங்குவானா? சைக்கிளோடு ஓடவிடலாமா? வெயில் காலம் வருவதால் முடியை ஒட்ட வெட்டிவிடலாம் என்ற பேச்சும் வீட்டில் இருக்கிறது.

பதில் 1 – வடத்தடம்

நேரத்தைக் கூட்ட வேண்டாம். சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் சுக்சி மக்கள் இந்த நாயை வளர்த்தெடுத்ததே, லேசான பாரத்தை நிதான வேகத்தில் வெகுதூரம் இழுப்பதற்காக. இரண்டு மணி நேரம் நடத்தினால் அவன் உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும், அடுத்த மாதம் மூன்று மணி நேரம் கேட்கும். களைப்பாக்கி அடக்குவது இந்த இனத்திடம் நடக்காது. அவனுக்குக் குறைவது இரண்டு: இழுக்கும் வேலை, சும்மா கிடக்கும் பழக்கம்.

முதலில் லீஷ். இழுத்தபடி ஒவ்வொரு அடி முன்னேறும்போதும் "இழுத்தால் போகலாம்" என்றுதான் அவன் கற்றுக்கொள்கிறான். இதைத் திட்டி நிறுத்த முடியாது. சாமானைப் பிரித்துவிடுங்கள். கழுத்துப்பட்டையில் லீஷ் மாட்டினால் இழுக்கக் கூடாது, வார் இறுகியதும் நீங்கள் நின்றுவிட வேண்டும், தளர்ந்த பிறகே நடை. இழுவை ஹார்னஸ் (நெஞ்சில் பாரம் தாங்கும் உடல்வார்) மாட்டினால் இழுக்கலாம், அதற்கு மட்டும்தான் பாராட்டு. எந்தச் சாமான் உடம்பில் ஏறினால் என்ன வேலை என்பதை ஹஸ்கி வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஒரே ஹார்னஸை இரண்டுக்கும் போட்டால் இரண்டுமே கெடும்.

10 மாதத்தில் பாரம் கூடாது. எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடியிருக்காது. இடுப்பில் கட்டி உடன் ஓடுவதை 12 மாதத்துக்குப் பிறகு ஆரம்பியுங்கள், சைக்கிளையும் காலால் தள்ளும் ஸ்கூட்டரையும் இழுக்க வைப்பதை 18 மாதம் வரை தள்ளிப்போடுங்கள். அதுவரை குரல் கட்டளைகளைச் சொல்லிக்கொடுக்கலாம். நாய் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியை ஓட்டும் வண்டியோட்டிகள் வலப்பக்கத்துக்கு "ஜீ", இடப்பக்கத்துக்கு "ஹா", எதையும் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போக "ஆன் பை", நிற்க "வோ" என்பார்கள். தமிழில் சொன்னாலும் சரிதான், ஆனால் வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். திருப்பம் வருவதற்கு இரண்டடி முன்னால் சொல்லுங்கள். திரும்பிய பிறகு சொன்னால் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லை.

ஹார்னஸின் அளவில்தான் பலர் தவறுகிறார்கள். கழுத்து வளையம் தலையைத் தாண்டும்போது கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் நுழைய வேண்டும். போட்டபின் வளையத்துக்குள் இரண்டு விரல் தட்டையாகப் போகணும், அதற்கு மேல் இடம் இருக்கக் கூடாது. இழுக்கும்போது பாரம் நெஞ்செலும்பில் விழ வேண்டும். தொண்டைக்குழியில் விழுந்தால் இருமுவான், சில நாளில் இழுக்கவே மறுப்பான். ஓடி முடித்ததும் முன்னங்கால் அக்குளை விரித்துப் பாருங்கள். முடி உடைந்தோ தோல் சிவந்தோ இருந்தால் அளவு தப்பு.

12 மாதம் ஆனதும்: இடுப்புப் பெல்ட், மீள்தன்மையுள்ள 2 மீட்டர் இழுவை வார், மண் தரை. முதல் வாரம் 500 மீட்டர் போதும், ஒருநாள் விட்டு ஒருநாள். அவன் இன்னும் ஆசையாக இருக்கும்போதே நிறுத்துங்கள். சலித்த பிறகு நிறுத்தினால் அடுத்த முறை பாதியிலேயே திரும்பிப் பார்ப்பான்.

இனி சும்மா கிடப்பது. ஒரு பாயை விரித்து, அதில் அவன் படுத்தால் முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு தீனித்துண்டு வையுங்கள். 5 நொடிக்கு ஒன்று, பிறகு 10, பிறகு 30. கையிலிருந்து ஊட்டினால் உங்கள் கையையே பார்த்துக்கொண்டு விறைப்பாக இருப்பான், பாயில் வைத்தால் தலை தானாகத் தாழும். இடுப்பு ஒருபக்கம் சாய்ந்தால் உடம்பு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். நடை முடிந்து வந்ததும் 15 நிமிடம் இதைச் செய்யுங்கள். சோபா பிய்படும் நேரமும் அதுதானே.

பதில் 2 – இரட்டைமுடி

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனா வெப்பத்தைச் சொல்லாம விட்டா ஆபத்து. இழுக்கிற தசை வெப்பத்தைக் கக்கும், அதை வெளியேத்த நாய்க்கு மூச்சிரைப்பை விட்டா பெருசா வழி இல்லை. காத்து ஈரமா இருந்தா அதுவும் சரியா வேலை செய்யாது. இழுவை ஓட்டம் 15 டிகிரி செல்சியஸுக்கு மேல வேண்டாம்னு வண்டியோட்டிகள் வச்சிருக்கிற வரம்பு அதுக்குத்தான். ஈரப்பதம் அதிகமா இருந்தா இன்னும் கீழேயே நிறுத்துங்க. அந்தக் குளிர்ச்சி கிடைக்காத நாள்ல ஓட்டமே வேண்டாம். விடியும் முன்ன மெதுவா ஒரு மோப்ப நடை, வீட்டுக்குள்ள தீனியை ஒளிச்சு வச்சுத் தேடவிடுறது, அவ்வளவு போதும். 20 நிமிஷம் மூக்கை வச்சுத் தேடினா நல்லா அசந்து தூங்குவான்.

ஓட்டத்துக்கு 2 மணி நேரம் முன்னாடி தண்ணியில கொஞ்சம் கறிச்சாறு கலந்து குடிக்க வைங்க. சாப்பாடு போட்டு 2 மணி நேரத்துக்குள்ள ஓட விடாதீங்க.

நாக்கு அகலமாத் தொங்கி, எச்சில் கெட்டியா நூல் மாதிரி வந்து, ஈறு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினா அது வெப்பத்தாக்கு. உடனே நிழல், உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணி ஊத்தி விசிறுங்க. ஈரத்துண்டை மேல போர்த்தி விடாதீங்க, வெப்பம் உள்ளேயே தங்கும். ஊத்திக்கிட்டே மருத்துவர்கிட்ட கிளம்புங்க. ஆசனவாய் வெப்பநிலை 39.5-க்கு வந்ததும் ஊத்துறதை நிறுத்திடணும், இல்லன்னா ரொம்பக் கீழே போயிடும்.

முடியை வெட்டவே வெட்டாதீங்க. வெயில் நேராத் தோல்ல படாம தடுக்கிறது மேல்முடிதான். ஒட்ட வெட்டினா உள்முடி முந்திக்கிட்டு வளரும், மேல்முடி திட்டுத்திட்டா வரும், சில நாய்க்குப் பழைய மாதிரி திரும்பறதே இல்லை. செத்த உள்முடியை எடுத்துட்டா காத்து தோல் வரைக்கும் போகும், அதுதான் வேணும். முடி மொத்தமா உதிர்ற பருவத்துல தொடைப் பக்கம் பஞ்சு மாதிரி கொத்துக் கொத்தா எழும்பி நிக்கும். ஒரு கையால முடியை மேல தூக்கிப் பிடிச்சு, தோல் கோடாத் தெரியுற இடத்துல இருந்து ரேக் சீப்பால (நீளப் பல்லு வச்ச சீப்பு) வரிவரியா கீழே இழுங்க. மேலாக வாரிட்டு விட்டா அடியில கம்பளம் மாதிரி திரண்டுடும். குளிப்பாட்டினா தோல் வரைக்கும் காயணும், ஈரம் தங்கின இடம் புண்ணாகும்.

பதில் 3 – கேட்காவல்

வேலியைப் பற்றி மட்டும். குறைந்தது 180 செ.மீ. உயரம், உள்பக்கம் கால் வைத்து ஏறக் குறுக்குக் கம்பி எதுவும் இருக்கக் கூடாது. தோண்டுவதைத் தடுக்க 60 செ.மீ. அகலக் கம்பி வலையை வேலியின் அடியில் கட்டி, உள்பக்கமாக மடித்துத் தரையில் படுக்க வையுங்கள், 30 செ.மீ.க்கு ஒரு முளை அடித்து மண் போட்டு மூடுங்கள். நாய் வேலியை ஒட்டித்தான் தோண்டும், அங்கே கால் வலையில் பட்டதும் விட்டுவிடும். கேட்டுக்கு உள்ளே இன்னொரு சின்னக் கதவு போட்டால் பாய்ச்சல் பிரச்சினை பெரும்பாலும் தீரும். தொலைந்தால் அடையாளம் காணத் தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் போட்டுவிடுங்கள்.

வேலி இல்லாத இடத்தில் அவிழ்த்துவிடக் கூடாது. கூப்பிட்டால் வரப் பழக்கலாம்தான், ஆனால் பூனையோ முயலோ ஓடினால் எந்தப் பழக்கமும் நிற்காது. 10 மீட்டர் நீள வாரை ஹார்னஸில் மாட்டிப் பழக்குங்கள், கழுத்துப்பட்டையில் மாட்டினால் ஓட்டத்தின் முடிவில் வரும் வெட்டு கழுத்தைப் பதம் பார்க்கும். தப்பி ஓடினால் துரத்தாதீர்கள், அவனுக்கு அது விளையாட்டு. எதிர்த்திசையில் ஓடுங்கள், அல்லது உட்கார்ந்து தீனி டப்பாவைக் குலுக்குங்கள்.

6 வயதுக் குழந்தை கையில் லீஷ் கொடுக்கவே கூடாது. தீனி ஒளித்து வைப்பது, பாய்ப் பயிற்சியில் துண்டு வைப்பது என்று வேறு வேலை கொடுங்கள். பெரியவர்களும் வாரைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரல் முறியும்.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒன்று: சில நாள் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தொடுவதே இல்லை. கண்ணைச் சுற்றியும் உதட்டோரத்திலும் செதில் செதிலாக உரிகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில் 4 – ஈறுபார்

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். இதே எடையுள்ள மற்ற நாய்களைவிட இந்த இனத்துக்குக் குறைவான தீனியே போதும். 20 நிமிடம் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. வாந்தியோ சோர்வோ சேர்ந்தால்தான் உடனே காட்ட வேண்டும்.

செதிலைத் தள்ளிப்போடாதீர்கள். ஹஸ்கியிலும், மாலமூட் என்ற இன்னொரு பனிநாய் இனத்திலும் குடல் துத்தநாகத்தைச் சரியாக உறிஞ்சாத பிறவிக் குறை உண்டு. தீனியில் போதுமான அளவு இருந்தாலும் கண், உதடு, காது, பாத மெத்தை ஓரங்களில் பொருக்குத் தட்டும். தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருளும், கூடுதலாகக் கொடுக்கும் கால்சியமும் துத்தநாகத்தைக் கட்டிப்போடும். குட்டி என்று கால்சியம் டானிக் கொடுத்துவந்தால் இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். தோலில் வரும் நுண்பூச்சியும் பூஞ்சையும் இதே மாதிரி தெரியும் என்பதால் முதலில் தோல் சுரண்டல் சோதனை, தேவைப்பட்டால் சிறு தோல்துண்டு எடுத்துப் பார்ப்பார்கள்.

உறுதியானால் பெரும்பாலும் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 மி.கி. தனிமத் துத்தநாகத்தில் தொடங்குவார்கள். "தனிம" என்ற சொல்லைக் கவனியுங்கள்: 50 மி.கி. துத்தநாக குளுக்கோனேட்டில் உண்மையான துத்தநாகம் ஏறக்குறைய 7 மி.கி.தான், ஆனால் சில மாத்திரைகளின் அட்டையில் அச்சிட்டிருப்பதே தனிம அளவாக இருக்கும். இதைக் குழப்பிக்கொண்டு நீங்களாகக் கொடுத்தால், அளவு மீறும்போது சிவப்பணுக்கள் உடையும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுப்பான், சாப்பாட்டோடு கலந்துதான் தர வேண்டும். பொருக்கு உதிர ஆறு வாரம் வரை ஆகலாம், அதற்குள் நிறுத்திவிடாதீர்கள். போகும்போது தீனிப் பையின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள், மருத்துவர் அதைக் கேட்பார்.