செங்கல் இடுக்கில் பரவும் குட்டி இலைச்செடி: இது நெட்டில் குடும்பமா?

வடக்குமுற்றம் (கேள்வி):
வணக்கம். லண்டனில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பின்முற்றம் வடக்குப் பார்த்தது. ஆண்டில் பாதி நாள் அங்கே வெயில் எட்டிப் பார்ப்பதில்லை. சென்ற ஆண்டு செங்கல் பாதையின் இடுக்கில், உள்ளங்கை அகலத்துக்குப் பாசி போல ஒன்று படர்ந்திருந்தது. இப்போது அது பாதையை மூடிவிட்டுப் புல்தரைக்குள்ளும் புகுந்துவிட்டது. குனிந்து பார்த்தால் பாசி இல்லை. நூல் போன்ற இளஞ்சிவப்புத் தண்டுகளில் கொத்தமல்லி விதை அளவுக்கு வட்ட இலைகள். நெட்டில் (தொட்டால் கொட்டி அரிக்கும் செடி) குடும்பத்தைச் சேர்ந்தது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் இரண்டு வயது மகள் வெறுங்காலோடு அதன்மேல்தான் நடக்கிறாள், அரிக்குமா? காணொளி அழைப்பில் இதைப் பார்த்த அம்மாவோ, கும்பகோணத்தில் நம் கிணற்றடியில் முளைப்பதும் இதுதானே என்கிறார். இரண்டும் ஒன்றுதானா?

இலைநரம்பு:
உங்கள் வர்ணனைக்குப் பொருந்துவது சொலைரோலியா சொலைரோலி. நாற்றுப் பண்ணைகளில் 'பேபிஸ் டியர்ஸ்' என்று விற்பார்கள். 'மைண்ட் யுவர் ஓன் பிசினஸ்' என்ற பெயரும் இங்கிலாந்தில் பரவலாக உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரி, அர்ட்டிகேசியே என்னும் நெட்டில் குடும்பமேதான். ஆனால் அந்தக் குடும்பத்தில் எல்லாச் செடிகளுக்கும் கொட்டும் சுணை கிடையாது. இதன் நெருங்கிய உறவான பாரியட்டேரியாவைப் போலவே இதற்கும் அது இல்லை. எனவே குழந்தை தாராளமாக நடக்கட்டும். (நம் ஊரில் பட்டால் அரிக்கும் காஞ்சொறியோ ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே அரிப்பை வைத்துக் குடும்பத்தை முடிவு செய்ய இயலாது.)

இதன் பூர்வீகம் கார்சிகா, சார்டினியா முதலிய மேற்கு மத்தியதரைக் கடல் தீவுகள். அங்கே ஈரம் கசியும் பாறை நிழலில் வளரும். கார்சிகாவில் செடிகளைச் சேகரித்த பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் ஜோசப் பிரான்சுவா சொலைரோலின் (1781–1863) நினைவாகப் பேரினம் (பெயரின் முதல் சொல்), சிற்றினம் (இரண்டாம் சொல்) இரண்டுக்கும் அவர் பெயரே அமைந்துவிட்டது. பழைய தோட்டக்கலை நூல்களில் 'ஹெல்க்சின்' என்ற பழைய பெயரில் தேடினால்தான் கிடைக்கும். சொலைரோலியா பேரினத்தில் இந்த ஒரு சிற்றினம் மட்டுமே உண்டு என்பதால், உங்கள் பாதையில் கிடப்பது ஒரு முழுப் பேரினம் என்றே சொல்லலாம்.

கிணற்றடி:
அம்மா சொல்வது பெரும்பாலும் பைலியா மைக்ரோஃபில்லாவாக இருக்கும். அதுவும் நெட்டில் குடும்பமே என்பதால் அவர் கண் முழுக்கத் தவறவில்லை. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி, நம் ஊரில் பூந்தொட்டிகளிலும் ஈரச் சுவர்களிலும் தானாகவே முளைக்கும். பிரித்தறிய ஒரு தண்டைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பைலியாவில் இலைகள் எதிரெதிராக ஜோடி சேர்ந்திருக்கும். ஜோடியில் ஒன்று பெரிது, மற்றது சிறிது. தண்டு நீர் ததும்பிக் கண்ணாடி போலத் தெரியும். சொலைரோலியாவிலோ கணுவுக்கு ஓர் இலைதான், மாறி மாறி அமைந்திருக்கும். தண்டு தரையோடு ஒட்டியே ஓடும்.

மே மாதத்துக்குப் பின் கைலென்ஸ் ஒன்றுடன் உட்கார்ந்தால் சொலைரோலியாவின் பூவையும் பார்க்கலாம். இதழ் கிடையாது. இலைக்கக்கத்தில் ஒற்றையாக இருக்கும் ஆண்பூவில் நான்கு மகரந்தத் தாள்கள் உள்நோக்கி வளைந்து மடங்கியிருக்கும். பூ விரியும்போது அவை வில் போலச் சட்டென நிமிர்ந்து மகரந்தத்தைக் காற்றில் வீசும். பைலியாவுக்கும் இதே வித்தை தெரியும் என்பதால்தான் அதை ஆங்கிலத்தில் பீரங்கிச் செடி என்கிறார்கள். ஒரு மாலை முழுவதும் காத்திருந்து அதைப் பார்த்த எனக்கு, அதன்பின் இந்தச் செடியைக் களை என்று சொல்ல மனம் வரவில்லை.

வடக்குமுற்றம்:
கிள்ளிப் பார்த்தேன், கணுவுக்கு ஓர் இலைதான். கணுவின் அடியில் மயிரிழை போன்ற வெள்ளை வேர்களும் இருந்தன. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். பாதையில் இருப்பது இருக்கட்டும். புல்தரையிலிருந்து மட்டும் எப்படி நீக்குவது?

இலைநரம்பு:
நீங்கள் பார்த்த அந்த வேர்களில்தான் சிக்கலே இருக்கிறது. தண்டு இழுத்தவுடன் அறுந்துவிடும். அறுந்த ஒவ்வொரு துண்டும், ஒரு கணு இருந்தாலே போதும், ஈர மண்ணில் மறுபடி வேர்விடும். நானும் முதல் ஆண்டு இது தெரியாமல் புல்வெட்டியை ஓட்டி, ஓரத்தில் மட்டும் இருந்ததைத் தோட்டம் முழுவதும் விதைத்ததுபோல் செய்துவிட்டேன். உறைபனியில் மேல் இலைகள் கருகிச் செத்ததுபோல் கிடந்தாலும் நம்பிவிடாதீர்கள்; வசந்தத்தில் அடியிலிருந்து துளிர்த்துவிடும்.

கையால் பிடுங்காமல், மேல்மண்ணோடு சேர்த்து மெல்லிய அடையாகச் சீவி எடுங்கள். எடுத்ததை உரக்குழியில் போட வேண்டாம். பிறகு அந்த இடத்தின் ஈரத்தையும் நிழலையும் குறைக்க வேண்டும்: மேலே கவிந்த கிளைகளைக் கழியுங்கள், இறுகிய மண்ணைத் தோட்ட முள்கரண்டியால் குத்திவிடுங்கள். புல் அடர்ந்தால் இதற்கு இடம் கிடைக்காது. பாதைக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு சாண் அகலத்துக்கு வெறும் சரளை விட்டு, அதைத் தாண்டி வரும் தண்டுகளை வாரம் ஒருமுறை நறுக்கிவிடுங்கள். என் வீட்டில் மூன்றாம் ஆண்டாக அந்த எல்லை நிற்கிறது.