அறைத்தோழரின் ஆங்கிலத்துக்கு உதவ நினைப்பவர்களுக்கு

கிளாஸ்கோவுக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்த முதல் செமஸ்டரில், என் அறைத்தோழன் ஆங்கிலம் பேசும்போதெல்லாம் நடுவில் புகுந்து திருத்திக்கொண்டே இருந்தேன். ஒருநாள் வகுப்புத் தோழர்கள் முன்னாலும் அப்படிச் செய்தேன். அப்புறம் பத்து நாள் அவன் யாரிடமும் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை. ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 6.5 வாங்கி வந்தவன். இருந்த கொஞ்ச தைரியத்தையும் நான் பறித்துவிட்டேன்.

அதனால் முதலில் பேச்சை முடிக்க விடுங்கள். பிழையை இரவில் தனியாகச் சொல்லுங்கள், ஒரு நாளைக்கு ஒன்று போதும். நாங்கள் சமையல் நேரத்தை இதற்கு ஒதுக்கினோம். சாம்பார் இறங்கும் வரை தமிழ் கிடையாது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசும்போது கூச்சம் அவ்வளவாக வருவதில்லை.

உச்சரிப்பில் ஒரு சிக்கல் நம் எழுத்திலிருந்தே வருகிறது. ஏடிஎம் பின் நம்பர், குப்பை போடும் பின், இரண்டையும் நாம் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். நாம் 'பின் நம்பர்' என்று மென்மையாகச் சொன்னால் இங்குள்ளவர்கள் காதில் குப்பைத்தொட்டி என்று விழக்கூடும். உள்ளங்கையை உதட்டருகே வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். நம்பருக்கான பின்னில் கையில் காற்று பட வேண்டும். டீ, காபி என்று தொடங்கும் சொற்களுக்கும் அதே காற்று வேண்டும்.

'ஐ ஹேவ் எ டவுட்' என்று பேராசிரியரிடம் சொன்னால், அவர் சொன்னதையே சந்தேகிப்பது போல் கேட்கும். 'கொஸ்டின்' என்றால் போதும். இந்த ஊர்ப் பேச்சு முதல் மாதம் புரியாவிட்டால் அது அறைத்தோழரின் குறையில்லை என்றும் அவரிடம் சொல்லிவிடுங்கள். சின்னதை 'வீ' என்பார்கள். மெயிலில்கூட 'அவுட்சைட்' இருக்க வேண்டிய இடத்தில் 'அவுட்வித்' வரும்.

எழுத்தில் இலக்கணத்தைவிட வரிசைதான் பெரிய விஷயம். தமிழில் வினைச்சொல்லே கடைசியில்தான் வருகிறது. நாமும் காரணமெல்லாம் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவோம். 'காய்ச்சல், லேபுக்குப் போக முடியவில்லை, ரிப்போர்ட் பாதியில் நிற்கிறது, ஆகவே இரண்டு நாள் கூடுதலாக வேண்டும்' என்று அவன் ஒரு மெயில் எழுதினான். கடைசி வரியைத் தூக்கி முதலில் வைக்கச் சொன்னேன். வைத்ததும், மற்றவற்றில் எது தேவையில்லை என்று அவனுக்கே தெரிந்தது. கட்டுரையிலும் ஒவ்வொரு பத்தியின் கடைசி வரியை இப்படிப் பாருங்கள். சொல்ல வந்தது அங்கே ஒளிந்திருந்தால் மேலே ஏற்றச் சொல்லுங்கள். 'எ', 'தி' போன்றவை தமிழில் இல்லாதவை, பழகக் காலம் எடுக்கும். அதற்காக அவரை நச்சரிக்காதீர்கள்.

அசைன்மென்ட்டை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும் சரி. பல்கலைக்கழகம் அதை முறைகேடாகவே எடுத்துக்கொள்ளும், இருவரும் மாட்டுவீர்கள். பிழையுள்ள வரியின் ஓரத்தில் பென்சிலால் கோடு போடுங்கள், என்ன பிழை என்று அவரே தேடட்டும். சத்தமாக வாசிக்கச் சொன்னால் பாதி அவர் காதுக்கே பிடிபட்டுவிடும். எழுதக் கற்றுத்தரும் உதவி மையம் பல பல்கலைக்கழகங்களில் இலவசமாகவே இருக்கிறது. தனியாகப் போக அவர் தயங்குவார், முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள்.