ஆர்க்ஸ் ஆப்ஜெக்டை அப்படியே எல்லா கிளாஸுக்கும் அனுப்புறது தப்பா?

செமிகோலன்: பைத்தான்ல ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட், வளர்ந்து வளர்ந்து இப்ப ஆறேழு கிளாஸ் ஆயிடுச்சு. ஆப்ஷனை கமாண்ட் லைன்லயும் குடுக்கலாம், ஐஎன்ஐ ஃபைல்லயும் எழுதி வைக்கலாம். ஆர்க்பார்ஸ் (கமாண்ட் லைன் ஆப்ஷனைப் படிக்கிற பைத்தான் மாட்யூல்) குடுக்குற ஆப்ஜெக்டை எல்லா கிளாஸும் செல்ஃப் டாட் ஆர்க்ஸ்னு வச்சுக்கும். ரிவ்யூல இதை ஒத்துக்க மாட்டேங்குறாங்க. அப்படி என்ன குத்தம் இதுல?

நள்ளிரவுக்ரான்: ரிவ்யூ பண்ணவர் சொன்னது சரிதான். அப்லோடர் கிளாஸை மட்டும் தனியா டெஸ்ட் பண்ணணும்னா போலியா ஒரு ஆர்க்ஸ் செய்யணும், அதுல என்னென்ன இருக்கணும்னு தெரிஞ்சுக்க கிளாஸ் முழுக்க படிக்கணும். ஹோஸ்ட், போர்ட், டைம்அவுட்னு தேவையானதை மட்டும் இனிட்ல (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடுற ஃபங்ஷன்) கேளுங்க. செட்டிங்ஸுக்கு தனியா ஒரு டேட்டாகிளாஸ் (ஃபீல்ட் பேரும் டைப்பும் எழுதினா இனிட்டை அதுவே செஞ்சுக்கும்), பைத்தான் 3.7லயே வந்துடுச்சே.

வடகறி: ஆரம்பிச்சுட்டாங்கய்யா. சின்ன ஸ்கிரிப்டுக்கு கான்ஃபிக் கிளாஸ், லோடர், வேலிடேட்டர்... அப்புறம் ஒரு ஆப்ஷன் சேர்க்க மூணு இடத்துல கை வைக்கணும். செமிகோலன், முதல்ல பார்ஸ்_ஆர்க்ஸ் வேணாம், தெரியாத ஆப்ஷனை விட்டுட்டுப் போற பார்ஸ்_நோன்_ஆர்க்ஸ் வச்சு --கான்ஃபிக் மட்டும் எடுங்க (அந்த முதல் பார்சர்ல ஆட்_ஹெல்ப்பை ஃபால்ஸ் ஆக்கிடுங்க, இல்லைனா --ஹெல்ப் அடிச்சா அரைகுறையா காட்டிட்டு நின்னுடும்), ஃபைலைப் படிச்சு செட்_டிஃபால்ட்ஸ்ல போடுங்க, அப்புறம் முழுசா பார்ஸ். கமாண்ட் லைன்ல குடுத்தா அது, இல்லைனா ஃபைல், அதுவும் இல்லைனா கோடுல இருக்குற டிஃபால்ட். பத்து வரில முடிஞ்சுது.

நள்ளிரவுக்ரான்: அந்தப் பத்து வரிலதான் வினையே. ஐஎன்ஐ ஃபைல்ல ட்ரை_ரன் (நிஜமா எதையும் செய்யாம ஒத்திகை மட்டும்) = ஃபால்ஸ்னு எழுதுறீங்க, அந்த ஃபைலைப் படிக்கிற கான்ஃபிக்பார்சர் எல்லாத்தையும் ஸ்ட்ரிங்காதான் குடுக்கும், ஸ்டோர்_ட்ரூ ஆப்ஷன் (குடுத்தா ட்ரூ ஆகுற வகை) அதை மாத்தாது, காலியா இல்லாத ஸ்ட்ரிங் பைத்தானுக்கு ட்ரூ. ஆக ஒவ்வொரு ராத்திரியும் ட்ரை ரன் மட்டும் ஓடிட்டு இருக்கும், பேக்கப் ஒண்ணும் இருக்காது. போர்ட்டுக்கு டைப்=இன்ட் குடுத்திருந்தா ஸ்ட்ரிங் டிஃபால்ட்டை அதுவே நம்பரா மாத்திக்கும், அதைப் பாத்துட்டு எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு நம்பிடுவோம். இன்னொண்ணு, ஃபைல்ல டைம்அவுட்டை ஸ்பெல்லிங் தப்பா எழுதினா செட்_டிஃபால்ட்ஸ் வாயே திறக்காது, புதுசா ஒரு அட்ரிபியூட் சேர்த்துட்டு போயிடும். டேட்டாகிளாஸ்னா டைப்எரர்னு உடனே கத்தும்.

வடகறி: பேருக்குத்தான் கத்தும், டைப்புக்கு கத்தாது. இன்ட்னு எழுதின இடத்துல ஸ்ட்ரிங்கைப் போட்டாலும் டேட்டாகிளாஸ் சத்தமில்லாம வாங்கிக்கும், அதே ஃபால்ஸ் பிரச்சனை அங்கயும் வரும் ப்ரோ. மருந்து ஃபைல் ஃபார்மட்ல இருக்கு. டாமல் (TOML) ஃபார்மட்டுக்கு மாறுங்க, ஃபால்ஸ் ஃபால்ஸாவே வரும், பைத்தான் 3.11ல இருந்து அதைப் படிக்கிற டாம்லிப் கூடவே வருது, எதையும் இன்ஸ்டால் பண்ண வேணாம்.

ரூட்டுமாமா: உங்க சண்டைக்கு நடுவுல ரெண்டு விஷயம் சொல்லிட்டு போறேன். பாஸ்வேர்டை கமாண்ட் லைன் ஆப்ஷனா வைக்காதீங்க, அதே மெஷின்ல யாராவது பிஎஸ் (ஓடுற ப்ராசஸை காட்டுற கமாண்ட்) அடிச்சா பெரும்பாலும் அப்படியே தெரியும். ஃபைல்ல வச்சாலும், பாஸ்வேர்டுல % இருந்தா கான்ஃபிக்பார்சர் எடுக்கும்போது அதை வேற வேல்யூ வச்சு நிரப்பப் பாத்து இன்டர்போலேஷன் எரர் அடிக்கும், இன்டர்போலேஷன்=நன் குடுங்க. அப்புறம் அதோட ரீட் ஃபங்ஷன், ஃபைலே இல்லைனாலும் எரர் குடுக்காது. க்ரான்ல (குறிச்ச நேரத்துக்கு தானா ஓட்டுற சர்வீஸ்) ஓட்டுறப்ப ரிலேட்டிவ் பாத் வேற எங்கயோ போய் தேடும், ஃபைல் கிடைக்காது, டிஃபால்ட்டை வச்சுக்கிட்டு பாட்டுக்கு ஓடும். எதையெல்லாம் படிச்சேன்னு ரீட் ஒரு லிஸ்ட் திருப்பித் தரும், அது காலியா இருந்தா ஸ்கிரிப்டை அங்கயே நிறுத்துங்க.

செமிகோலன்: ட்ரை ரன் மேட்டரை இப்பவே போய் செக் பண்றேன். டாமலுக்கு மாறலாம், சர்வர்ல 3.12 தான். அப்லோடரை மட்டும் பிரிச்சு எழுதிப் பாக்குறேன்.

வடகறி: அப்லோடருக்கு எட்டு பாராமீட்டர் ஆனதும் என்ன பண்ணுவீங்க? திரும்ப ஒரு ஆப்ஜெக்ட்ல கட்டித்தானே அனுப்பணும்?

நள்ளிரவுக்ரான்: கட்டுங்க, யாரு வேணாம்னா? அப்லோடருக்கு வேண்டிய எட்டை மட்டும் கட்டுங்க. லாக் லெவலும் ட்ரை ரன்னும் அங்க எதுக்கு? எட்டு பாராமீட்டர் கேக்குதுன்னா அந்த கிளாஸையே ரெண்டா உடைக்கணுமான்னு முதல்ல பாருங்க.