கல்லட்டி விபத்துக்குப் பிறகு தூங்காத ஏட்டு: பேச ஒரு ஆள் வேண்டும்

என் கணவர் மசினகுடி பக்கம் தலைமைக் காவலர். வீடு ஊட்டியில். போன பிப்ரவரியில் கல்லட்டி மலைப்பாதையில் ஒரு வேன் கவிழ்ந்தது. முதலில் போய்ச் சேர்ந்தவர் இவர்தான். ஒரு குழந்தையை இவர் கையில்தான் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார். பிழைக்கவில்லை.

அன்றிலிருந்து இரவில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். பிரேக் கருகும் வாடை வந்தால் போதும், கை நடுங்குகிறது. அந்த முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவும் இறங்க மனமில்லாமல், கூடலூர் வழியாகச் சுற்றி டூட்டிக்குப் போகிறார். குடிப்பழக்கம் இல்லை. இதையும் எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்.

அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள், தூக்கம் வந்தது, கனவு நிற்கவில்லை. அரசின் மனநல உதவி எண் 14416-க்கு நானே போன் போட்டேன். பொறுமையாகப் பேசினார்கள். இவரோ, "பாடியைத் தூக்காதவங்ககிட்ட என்னத்தைச் சொல்ல" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முன்பு போன, போலீஸ்காரர்களுக்கான நிறைவாழ்வுப் பயிற்சி பொதுவாக மன அழுத்தம் பற்றியது, இதற்கு எட்டவில்லை. லீவு போட்டால் வீட்டில் இன்னும் மோசம். ஸ்டேஷனில் சொன்னால் பெயர் கெடும் என்று பயம் வேறு.

சிகிச்சை தொடர்கிறது, நிறுத்த மாட்டோம். நீலகிரியிலோ கோவை, மேட்டுப்பாளையம் பக்கமோ, இப்படி ஒன்றைக் கடந்து வந்த போலீஸ், தீயணைப்பு, வனத்துறைக்காரர், ஓய்வு பெற்றவரானாலும் சரி, இவரோடு நேரில் உட்கார்ந்து பேச யாராவது இருக்கிறீர்களா?